அதே ஆட்கள், அதே ஆலை... ரிசல்ட் மட்டும் மாறியது எப்படி? ஒரு கயிறு சொல்லும் மேனேஜ்மென்ட் பாடம்

அப்ரைசல் சீசன் நெருங்கினாலே ஆபீஸ்களில் ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும்: ‘மோட்டிவேஷன்’. "டீமுக்கு மோட்டிவேஷன் பத்தலை", "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையில ஈடுபாடே இல்லை" என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். உடனே வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வருவார். இரண்டு மணி நேரம் கைதட்டல், கடைசியில் பீட்சா, ஒரு குரூப் போட்டோ. திங்கட்கிழமை வந்தால் எல்லாம் பழையபடிதான்.

இதில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. குறை ஆட்களிடம் இருக்கிறதா, அவர்களை வேலை வாங்கும் முறையில் இருக்கிறதா?

இதற்குப் பதில் சொல்ல ஓர் உண்மைக் கதை இருக்கிறது. ஒரே ஆலை. ஏறக்குறைய அதே தொழிலாளர்கள். அதே தொழிற்சங்கம். நிர்வாகம் மட்டும் மாறியது. அப்புறம் நடந்ததை 40 ஆண்டுகள் கழித்தும் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் பாடமாக நடத்துகிறார்கள். வகுப்பில் கேட்டவர்கள் ஆபீஸுக்கு வந்ததும் ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

‘திருத்தவே முடியாத’ தொழிலாளர்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டி இருக்கிறது ஃப்ரீமான்ட் நகரம். அங்கே 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு கார் ஆலையைத் தொடங்கியது. சுருக்கமாக ஜி.எம். என்போம். அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று அது பெயர் வாங்கியது.

எந்த நாளை எடுத்தாலும் சுமார் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். வேலை நேரத்தில் மது, சூதாட்டம் எல்லாம் சர்வ சாதாரணம். நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் எந்நேரமும் சண்டை. தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன.

அந்த ஆலையில் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. என்ன நடந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. போல்ட் சரியாக உட்காரவில்லையா, தவறான பாகம் மாட்டிவிட்டதா, பரவாயில்லை, கார் அடுத்த இடத்துக்கு நகரட்டும். கடைசியில் ரிப்பேர் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை கார் வெளியே வந்தது என்பதுதான் கணக்கு. எப்படி வந்தது என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

ஒரு நிமிடம் அந்தத் தொழிலாளியின் இடத்தில் இருந்து பாருங்கள். தன் கண் முன்னால் தப்பு நடக்கிறது. தெரிந்தும் அனுப்ப வேண்டியிருக்கிறது. சொன்னால் திட்டு. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இப்படிப் பல வருடம் இருந்தால் யாருக்குத்தான் வேலையில் ஆர்வம் இருக்கும்?

1982 மார்ச்சில் ஜி.எம். அந்த ஆலையை இழுத்து மூடியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. "இந்த ஆட்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது" என்பதுதான் பலருடைய முடிவாக இருந்தது.

டொயோட்டா வந்தது

அப்போது ஜப்பானியக் கார்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்துத் தங்கள் முறையில் கார் செய்ய முடியுமா என்று டொயோட்டா சோதித்துப் பார்க்க விரும்பியது. தரமான சின்னக் காரைச் செய்யும் வித்தையை ஜி.எம். கற்றுக்கொள்ள விரும்பியது. இரண்டும் கைகோத்தன. மூடிக் கிடந்த ஃப்ரீமான்ட் ஆலை ‘நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. எல்லோரும் சொல்வது சுருக்கமாக ‘நூமி’. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது.

ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுடையது. வேலைக்கு எடுத்தது யாரை? தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஜி.எம். ஆலையில் இருந்தவர்கள்தான். சங்கத் தலைவர்கள் உட்பட!

ரிசல்ட்? சுமார் 20 சதவீதமாக இருந்த வேலைக்கு வராதோர் விகிதம் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. தரத்தில் ஜி.எம். குழுமத்தின் கடைசி வரிசையில் இருந்த ஆலை ஓராண்டுக்குள் முதல் வரிசைக்கு வந்தது. ஜப்பானில் இருக்கும் டொயோட்டா ஆலையோடு ஒப்பிடும் தரத்தில் கார்கள் வந்தன. ஆட்களை மாற்றவில்லை. ரோபோக்களைக் கொண்டுவந்து குவிக்கவும் இல்லை. அப்படியானால் மாறியது எது?

ஒரு கயிறு

உற்பத்தி வரிசை நெடுக, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். ஜப்பானிய முறையில் அதன் பெயர் ‘ஆண்டான்’. வேலையில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் ஒரு இசை ஒலிக்கும், பலகையில் அந்த இடத்தின் விளக்கு எரியும். உடனே டீம் லீடர் ஓடி வருவார்.

அவர் வந்து கேட்பது "என்ன பிரச்சினை, எப்படி உதவட்டும்?" என்றுதான். அந்தக் கார் அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் சரிசெய்துவிட்டால் வரிசை நிற்காது. முடியாவிட்டால் நிற்கும். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலையின் வரிசையை நிறுத்தும் அதிகாரம் ஒரு சாதாரணத் தொழிலாளியின் கையில்!

பழைய ஆலையில் வரிசையை நிறுத்தினால் வேலையே போகும் என்று பயந்தவர்கள் இவர்கள். ஆரம்பத்தில் கயிற்றைத் தொடவே தயங்கினார்கள். இழுத்த பிறகு திட்டு விழவில்லை, உதவி வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

கயிறு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கூடவே இன்னும் சில மாறின.

ஒன்று, தொழிலாளர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு டீம் லீடர். கயிறு இழுத்தால் ஓடிவர ஆள் வேண்டுமே!

இரண்டு, ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று அந்த வேலையைச் செய்பவர்களே கடிகாரம் வைத்து அளந்து எழுதினார்கள். முன்பு அதை வெளியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து எழுதிக் கொடுப்பார்.

மூன்று, வேலைப் பாதுகாப்பு. நிறுவனமே ஆபத்தில் சிக்கினால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை, அப்போதும் முதலில் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்போம் என்று சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் விற்பனை படுத்தது. நிர்வாகம் சொன்னபடி யாரையும் அனுப்பவில்லை. மிஞ்சிய நேரத்தில் பயிற்சி கொடுத்தது.

நான்கு, அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன், தனி பார்க்கிங் எல்லாம் கிடையாது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவரிடம் "சார், இது சரியா வரலை" என்று சொல்வது கொஞ்சம் சுலபம்.

மனசை மாத்தணுமா, வேலையை மாத்தணுமா?

நூமியை உருவாக்கும் வேலையில் டொயோட்டா தரப்பில் இருந்தவர் அமெரிக்கரான ஜான் ஷூக். 2010-ல் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: முதலில் ஆட்களின் எண்ணத்தை மாற்றிவிட்டால் நடத்தை மாறும் என்று நினைக்கிறோம். நூமியில் நடந்தது தலைகீழ். முதலில் செய்யும் முறையை மாற்றினார்கள், எண்ணம் தானாக மாறியது.

தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் இதையே வேறு விதமாகச் சொன்னார். வேலையிடத்துப் பிரச்சினைகளில் 94 சதவீதம் அமைப்பு முறையால் வருகிறது என்பது அவருடைய கணிப்பு. அதாவது தனி ஆளைப் பிடித்து உலுக்குவதால் தீர்வது மிகக் கொஞ்சம்.

இன்னொரு ஆய்வு சுவாரஸ்யமானது. ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தரும்போது நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்ததோ அதிகம்! யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறைத் தயங்காமல் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் மறைக்கிறார்கள். "எங்க டீம்ல ஒரு இஷ்யூவும் இல்லை சார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

இதை என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு ஷிஃப்ட். வெளியாகப்போகும் ஒரு கார்டில் எண் தப்பு என்று பட்டது. நான் சொல்லவில்லை. காரணம், முந்தைய வாரம் அதே மாதிரி சொன்ன சக ஊழியருக்குக் கிடைத்த பதில்: "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தே?" கார்டு போனது, வாசகர்கள் திட்டினார்கள், காலையில் திருத்தம் வந்தது. எனக்கு அன்று மோட்டிவேஷனில் குறை இல்லை. இழுக்கக் கயிறு இல்லை, அவ்வளவுதான்.

காப்பி அடித்தும் வராதது ஏன்?

சரி, பக்கத்திலேயே கூட்டாளியாக இருந்த ஜி.எம். இதைக் கற்றுக்கொண்டதா? அங்கேதான் கதையில் திருப்பம்.

நூமி மாதிரியே ஒரு ஆலையை மாற்றச் சொல்லி ஜி.எம்.மின் பெரிய அதிகாரி ஒருவர் உத்தரவு போட்டாராம். கேமராவோடு போய் ஓர் அங்குலம் விடாமல் படம் எடுத்து வாருங்கள் என்று சொன்னதாக அந்தக் கால ஊழியர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கயிற்றைப் படம் எடுக்கலாம். இழுத்தால் திட்டு விழாது என்ற நம்பிக்கையை எப்படிப் படம் எடுப்பது?

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் இருந்த ஆலையில் இந்த முறையைக் கொண்டுவர முயன்றார்கள். எத்தனை கார் வெளியே போனது என்பதை வைத்தே அங்கே மேலாளர்களை மதிப்பிட்டார்கள். வரிசையை நிறுத்த எந்த மேலாளருக்கு மனசு வரும்? சங்கத்துக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

இதன் விலை எவ்வளவு என்பது 2014-ல் தெரிந்தது. ஜி.எம். கார்கள் சிலவற்றின் இக்னிஷன் சுவிட்சில் கோளாறு. ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும், விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாது. நிறுவனத்துக்குள் சிலருக்கு இது பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும். நிறுவனமே ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி, 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்க ஒப்புக்கொண்டது.

நிறுவனம் கேட்டு வாங்கிய விசாரணை அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது. மீட்டிங்கில் எல்லோரும் ‘சரி சரி’ என்று தலையாட்டுவார்கள், வெளியே போனதும் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இதற்கு உள்ளே ‘ஜி.எம். தலையாட்டல்’ என்று பெயரே இருந்ததாம். படிக்கும்போது நம்ம ஆபீஸ் மீட்டிங் கண் முன்னால் வந்துபோகிறதா?

அதன் பிறகுதான், பாதுகாப்புக் குறைகளை ஊழியர்கள் தயங்காமல் சொல்லத் தனித் திட்டம் ஒன்றை ஜி.எம். தொடங்கியது. நூமி திறந்து 30 வருடம் கழித்து!

மறுபக்கமும் உண்டு

இதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் ஒரு மோட்டிவேஷன் பேச்சாகிவிடும். நூமி ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒவ்வொரு நொடியும் அளந்து வேலை வாங்கும் முறை அது. இது ‘அழுத்தம் கொடுத்து நடத்தும் நிர்வாகம்’ என்று தொழிலாளர் தரப்பு எழுத்தாளர்கள் மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-லேயே விமர்சித்தார்கள். 2009-ல் ஜி.எம். திவாலாகி விலகியது, 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் ஆலையை மூடியது. சுமார் 4,700 பேருக்கு வேலை போனது. பிறகு அந்த இடத்தை டெஸ்லா வாங்கிக்கொண்டது.

டொயோட்டா என்ற பெயரும் மந்திரம் இல்லை. நமக்குப் பக்கத்தில், பெங்களூரு அருகே பிடதியில் இருக்கும் டொயோட்டா ஆலையில் 2014-லும் 2020-லும் தொழிலாளர் பிரச்சினை முற்றிக் கதவடைப்பு வரை போனது. பேர்ப்பலகை முக்கியம் இல்லை. பிரச்சினையைச் சொல்கிறவரை அன்றாடம் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

சரி, நம்ம ஆபீஸுக்கு இதில் என்ன இருக்கு?

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு ‘கான்பான்’ போர்டு தெரியும். அது டொயோட்டா ஆலையிலிருந்து வந்ததுதான். போர்டை எடுத்துக்கொண்டோம், கயிற்றை விட்டுவிட்டோம். தினமும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் "எனி பிளாக்கர்ஸ்?" என்று கேட்கிறார்கள். எல்லோரும் "நோ" என்கிறோம். உண்மையா அது?

டீமை நடத்துகிறவர்கள் செய்யக்கூடியவை இவை:

1. முதல் கேள்வியை மாற்றுங்கள். ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்தால் "யார் பண்ணது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்த இடத்தில் இது நம்ம கண்ணுக்குத் தப்பியது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கிடைப்பது ஒரு பெயர். இரண்டாவதுக்குக் கிடைப்பது தீர்வு.

2. உதவி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒருவர் "மாட்டிக்கிட்டேன்" என்று மெசேஜ் போட்டால் பதில் பத்து நிமிடத்தில் வருகிறதா, இரண்டு நாளிலா? ஆள் வராத கயிறு வெறும் கயிறுதான். ஒரு லீடுக்குக் கீழே 20 பேரைப் போட்டால் அவர் எத்தனை பேரிடம் ஓடுவார்?

3. செய்கிறவரையே முறையை எழுதச் சொல்லுங்கள். கஸ்டமரிடம் தினமும் பேசுகிறவருக்குத் தெரியாத ஸ்கிரிப்டை, பேசாத ஒருவர் எழுதுவது ஏன்?

4. எதை எண்ணுகிறீர்களோ அதுதான் வரும். மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கைக்கு போனஸ் என்றால் டிக்கெட்டுகள் மூடப்படும். பிரச்சினை திறந்தே கிடக்கும்.

5. யோசனை சொன்னவரின் நாற்காலியைப் பறிக்காதீர்கள். "இந்த வேலையை ஆட்டோமேட் பண்ணலாம்" என்று சொன்னவருக்கே அடுத்த மாதம் வேலை போனால், அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நீங்க மேனேஜர் இல்லையா?

உங்களுக்கும் வேலை இருக்கிறது. பிரச்சினையைச் சீக்கிரம் சொல்லுங்கள். டெட்லைனுக்கு முதல் நாள் சொன்னால் அது புகார், இரண்டு வாரம் முன்னால் சொன்னால் தகவல். புலம்பலாக இல்லாமல் எங்கே, எப்போது, எத்தனை முறை என்று விவரமாகச் சொல்லுங்கள். முக்கியமாக, உங்களுக்கும் ஜூனியர் ஒருவர் இருப்பார். அவர் வந்து "அண்ணா, இதுல ஒரு டவுட்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். அவருக்குக் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் நீங்கள்தான்.

எல்லா இடத்திலும் துணிந்து பேசிவிட முடியாது என்பதும் தெரியும். வீட்டு வாடகை, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று ஆளுக்கு ஆயிரம் நெருக்கடி. சொன்னால் கழுத்தைப் பிடிக்கும் இடத்தில் தனி ஆளாக வீரம் காட்டச் சொல்வது நியாயம் இல்லை. அதனால்தான் இந்தப் பொறுப்பு முதலில் நிர்வாகத்துடையது என்கிறோம். ஃப்ரீமான்ட் தொழிலாளர்கள் துணிச்சல் வந்து கயிற்றை இழுக்கவில்லை. இழுத்தால் ஒன்றும் ஆகாது என்று நிர்வாகம் முதலில் காட்டியது, அதன் பிறகே துணிச்சல் வந்தது.

எனவே இந்த அப்ரைசலில் "உங்க டீமோட மோட்டிவேஷன் லெவல் எப்படி?" என்று மேனேஜர்களிடம் கேட்பதை நிறுவனங்கள் விட்டுவிடலாம். அதற்குப் பதில் இரண்டே கேள்விகள் போதும். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் டீமில் ‘இது சரியில்லை’ என்று சொன்னது யார்? சொன்ன பிறகு அவருக்கு என்ன நடந்தது?

முதல் கேள்விக்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், பேச்சாளரையும் பீட்சாவையும் கேன்சல் செய்துவிட்டு அங்கிருந்து வேலையை ஆரம்பிக்கலாம்.